கவிழ்த்துப் பார்க்கும் கூட்டம்

ஒரு பீங்கான் பொம்மையை நம்மவர் எவர் கையிலாவது கொடுத்துப் பாருங்கள். அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். உடனே கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். அங்கே ஏதேனும் முத்திரை தென்பட்டால் கண்கள் விரியும். தென்படாவிட்டால் உதடு பிதுங்கும். பொம்மைக்கு முகம் இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, ஆடையின் மடிப்புகள் இருக்கின்றன, அவற்றைத் தீட்டிய ஒரு தூரிகையின் நடை இருக்கிறது. இவற்றுள் ஒன்றையும் நோக்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். பழம்பொருள் வணிகர், மதிப்பீட்டாளர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்வோர், இணையத்தில் பத்து நிமிடம் தேடிவிட்டு வல்லுநராகிவிடுவோர் ஆகிய மூவகையினரும் இவ்விஷயத்தில் ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்கள். அச்சமயத்தின் பெயர் முத்திரை வழிபாடு. இக்கட்டுரை அதற்கு எதிரானது.

தமிழிலக்கியம் கற்பிப்பவனுக்குப் பீங்கானில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தையும் கர்த்தாவையும் முடிவு செய்யக்கூடாது என்பதை எங்கள் துறை மிகுந்த சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டது. ஔவையார் என்ற பெயரில் கிடைக்கும் பாடல்களையெல்லாம் ஒருவரே பாடினார் என்று இன்று எந்த ஆய்வாளரும் ஒப்பமாட்டார். அகத்தியர் பெயரைத் தாங்கிய மருத்துவ நூலைச் சங்க காலத்தில் வைக்க எவரும் துணியமாட்டார். சொல்லையும் யாப்பையும் நடையையும் பார்த்தே காலம் கணிக்கிறோம். ஏட்டின் இறுதியில் உள்ள பெயர் ஒரு சாட்சி, நீதிபதி அன்று. இந்த எளிய பாடத்தைப் பீங்கான் உலகம் இன்னும் கற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருவர் காரைக்குடிக்கு அருகிலுள்ள தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். தந்தையார் மறைந்தபின் அண்ணனும் தங்கையும் சாமான்களைப் பங்கு பிரித்திருந்தார்கள். முகப்பின் கண்ணாடி அலமாரியில் இருந்த இரண்டு பொம்மைகள் அவர் பங்குக்கு வந்திருந்தன: குழல் ஊதும் ஐரோப்பிய இடையன் ஒருவன், ஆட்டுக்குட்டியை அணைத்திருக்கும் இடைச்சி ஒருத்தி. மதிப்பீட்டாளர் ஒருவர் அவற்றைக் கவிழ்த்துப் பார்த்து, நீல நிறத்தில் குறுக்காகக் கிடந்த இரு கோடுகளைக் கண்டு, மைசென் ஆலையின் வாள்முத்திரை என்றும், இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை என்றும், பல லட்சம் பெறும் என்றும் எழுதியே கொடுத்துவிட்டார். அதை நம்பி, தாயாரின் வைரத்தோட்டை அண்ணன் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்த இணையை மாணவி எடுத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் இதையெல்லாம் பார்ப்பீர்களே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். நீலக் கோடுகளுக்கு ஓர் அங்குலம் தள்ளி, களிமண் ஈரமாக இருந்தபோதே அழுத்திப் பதித்த சிற்றெழுத்துகள் இருந்தன. மெருகு நிரம்பி மங்கியிருந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது. ஆங்கிலத்தில் 'ஜெர்மனி' என்று இருந்தது.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அப்பெயரில் ஓர் அரசு இல்லை. மைசென் இருந்த நாடு சாக்சனி. ஜெர்மன் பேரரசு உருவானது 1871இல். இறக்குமதியாகும் பண்டங்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890இல் விதித்தது. அது நடைமுறைக்கு வந்த 1891ஐ ஒட்டியே ஏற்றுமதிப் பீங்கானில் இப்படி நாட்டின் பெயரைப் பதிக்கும் வழக்கம் பரவியது. ஆக, எந்த முத்திரையை நம்பி வைரத்தோடு போயிற்றோ, அதற்கு ஓர் அங்குலம் பக்கத்திலேயே மறுப்பும் எழுதப்பட்டிருந்தது. முத்திரையை வழிபடுவோர் முத்திரையையாவது முழுமையாகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. தமக்கு வேண்டியதைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

*

இந்த வாள்முத்திரையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கடினப் பீங்கானின் சூத்திரம் ஐரோப்பாவுக்குத் தெரியாமலிருந்தது. சாக்சனியின் மன்னன் அகஸ்டஸுக்குப் பீங்கான் பித்து. 1717இல் தன் படையிலிருந்து 600 குதிரை வீரர்களைப் பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்து, 151 சீனப் பாண்டங்களைப் பெற்றுக்கொண்டவன் அவன். இரசவாதத்தால் பொன் செய்வேன் என்று சொல்லி அவனிடம் சிறைப்பட்ட பெட்கர் என்ற இளைஞன், அறிஞர் ஷிர்ன்ஹவுஸின் வழிகாட்டலில், பொன்னுக்குப் பதிலாக வெண்பீங்கானைக் கண்டான். ஆலை 1710இல் தொடங்கியது. சாக்சனி அரசமரபின் சின்னத்திலிருந்து எடுத்த குறுக்கு வாள்கள் 1720களின் தொடக்கத்தில் அதன் முத்திரையாயின. 1731இல் ஆலைக்கு வந்த கேண்ட்லர் என்ற சிற்பி, 1775இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, பீங்கானில் மனித உருவம் சமைப்பதை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தார். கூத்தாடிகள், இடையர்கள், தெரு வணிகர்கள், வாத்தியம் இசைக்கும் குரங்குகள் என்று அவர் படைத்த உலகம் பெரிது.

இப்போது கவனியுங்கள். கேண்ட்லர் வகுத்த மாதிரிகளை அந்த ஆலை அவரோடு புதைத்துவிடவில்லை. அவற்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலும் வார்த்தது, 20ஆம் நூற்றாண்டிலும் வார்த்தது, இன்றும் வார்க்கிறது. எல்லாவற்றிலும் வாள்கள் உண்டு, எல்லாம் மைசென்தான். ஆனால் 1745இல் சூளையிலிருந்து வந்த இடையனும் 1890இல் வந்த இடையனும் ஒன்றா? திருக்குறளின் நேற்றைய அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டுப் பழமையான புத்தகம் என்று விலை சொல்பவனை என்னவென்பீர்கள்? நூல் பழையது, படி புதியது. மாதிரி பழையது, வார்ப்பு புதியது. முத்திரை உண்மையாகவே இருந்தாலும் அது காலத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முத்திரையின் நுட்பங்கள் வேறு இருக்கின்றன. 1774 முதல் 1814 வரை நீண்ட மார்கோலினியின் நிர்வாகக் காலத்தில் வாள்களோடு ஒரு விண்மீன் சேர்ந்தது. தன் தரத்துக்குக் குறைந்தது என்று ஆலையே கருதியவற்றிலும், வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே விற்றவற்றிலும் வாள்களின் குறுக்கே கீறல் வெட்டப்பட்டது. அக்கீறலைக் கண்டு, அரிய முத்திரை என்று விலையை ஏற்றிச் சொன்ன ஒருவரை நான் அறிவேன். விலக்கிவைத்த அடையாளத்தையே விருதாகப் படித்த அவருக்கு வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது போலிகள். நீலச் சாயத்தில் இரண்டு கோடு இழுக்க எந்தப் பள்ளிச் சிறுவனாலும் முடியும். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் மைசென், செல்சி, செவ்ர், சீனம் என்று எல்லாவற்றையும் படியெடுத்தது. மூல முத்திரைகளைப் போன்ற குறிகளையும் இட்டது. ட்ரெஸ்டனில் ஹெலனா வோல்ஃப்ஸோன் என்பவரின் வண்ணக்கூடம், அகஸ்டஸ் மன்னனின் 'ஏ ஆர்' என்ற பெயரெழுத்து முத்திரையைத் தன் சரக்குகளில் பொறித்து விற்றது. மைசென் ஆலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டத்தின் துணைகொண்டே அதை நிறுத்த வேண்டியிருந்தது. கப்போதிமோந்தே என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் பொம்மைகளின் கதை இன்னும் வேடிக்கையானது. நேப்பிள்ஸின் அந்த மூல ஆலை இயங்கியது 1743 முதல் 1759 வரை மட்டுமே. அதன் குறி லில்லி மலர். மக்கள் தேடியலையும் முடிசூடிய 'என்' எழுத்தோ, பின்னர் அதே நகரில் தொடங்கிய வேறோர் அரச ஆலையினுடையது. அதையும் பிற்காலத்தில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பற்பல ஆலைகள் எடுத்தாண்டன. கப்போதிமோந்தே என்று சொல்லி இந்தக் குறியைக் காட்டுவது, வேறொருவருடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தன் வயதை நிறுவுவதற்கு ஒப்பானது.

*

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? பொருளைப் பாருங்கள். இதுவே என் ஒற்றை வரி விடை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதற்கு முறை உண்டு.

முதலில் உடல். கடினப் பீங்கான் கயோலின் களிமண்ணால் ஆனது. மிகுந்த சூட்டில் வெந்தது. உடைந்த இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். இங்கிலாந்தின் செல்சியிலும் டெர்பியிலும் 18ஆம் நூற்றாண்டில் செய்தவை மென்பீங்கான். உடைந்த இடம் சர்க்கரைக் கட்டி போல் பொருபொருக்கும். சாம்சனின் செல்சிப் போலிகள் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். அவர் நங்கூர முத்திரையைப் படியெடுத்தார். ஆனால் மென்பீங்கான் பொம்மையைக் கடினப் பீங்கானில் வார்த்தார். எழுத்தைத் திருடியவர் யாப்பில் சிக்கினார். செல்சியின் உண்மையான நங்கூரம் மிகச் சிறியது, ஒதுக்குப்புறமாக இருப்பது. போலியின் நங்கூரமோ பெரிதாக, பார்வையில் படும்படி இருக்கும். தன்னை உரக்க அறிவித்துக்கொள்ளும் முத்திரையைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, செய்முறையின் தழும்புகள். டெர்பி உருவங்களின் அடியில் சூளையில் தாங்கி நின்ற களிமண் உருண்டைகளின் கறை மூன்று நான்கு இடங்களில் தெரியும். அது அழகற்றது, அதனாலேயே நம்பத்தக்கது. விக்டோரியா காலத்து ஸ்டாஃபோர்ட்ஷயர் உருவங்கள் பீங்கானே அல்ல, மண்பாண்ட வகை. அவை அச்சில் களிமண்ணை அழுத்திச் செய்யப்பட்டவை. அடியில் உள்ள காற்றுத் துளை சிறியது. பிற்காலப் படிகள் களிமண் கூழை வார்த்துச் செய்யப்பட்டவை, கூழை வடிக்க வேண்டியிருப்பதால் துளை பெரியது, உடலும் இலேசானது.

அடுத்து, தேய்மானம். நூறாண்டு அலமாரியில் நின்ற பொம்மைக்குத் தரையைத் தொடும் விளிம்பு மட்டுமே தேய்ந்திருக்கும். தேநீர்ச் சாயத்தில் முக்கியெடுத்தது போல் அடிமுழுதும் ஒரே சீராக அழுக்கேறியிருந்தால், அந்த முதுமை செயற்கை.

பின்னர், ஒட்டுவேலை. விரல்கள், கழுத்து, தொப்பி விளிம்பு, இலை நுனிகள் இவைதான் முதலில் உடைபவை. ஐயமுள்ள இடத்தைப் பல்லில் மெதுவாகத் தட்டிப் பார்ப்பது பழைய வழி. மெருகு குளிர்ந்து கணீரென்னும். மேற்பூச்சு மந்தமாக இருக்கும். புற ஊதா விளக்கின் கீழே ஒட்டுவேலை பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

எல்லாவற்றுக்கும் இறுதியில் முத்திரை. அதுவரை கண்டவற்றோடு அது ஒத்துப்போனால் ஏற்கலாம்; மாறுபட்டால் தள்ள வேண்டியது முத்திரையைத்தான். பாடபேதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது புதிய முறையன்று. முத்திரை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மாணவியின் பொம்மைகளுக்கு ஒரு கால எல்லையைக் கொடுத்ததும் அடியில் இருந்த ஓர் எழுத்துப் பொறிப்புதானே! முத்திரையில் தொடங்கி முத்திரையிலேயே முடிக்கும் சோம்பலைத்தான் எதிர்க்கிறேன்.

*

இனி விலை. அடையாளம் காண்பதில் சோம்பல் என்றால், மதிப்பிடுவதில் நிகழ்வது பித்தலாட்டம்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு. அந்தப் பொருள் விற்ற விலை வேறு. கேட்கும் விலைக்கு வரம்பில்லை. என் சைக்கிளுக்கு நான் ஒரு கோடி கேட்கலாம். ஏலத்தில் வாங்கியவர் கொடுத்த தொகை வேறு. ஏல நிறுவனம் இரு பக்கமும் கழித்துக்கொண்டபின் விற்றவர் கைக்கு வந்த தொகை வேறு. காப்பீட்டுக்காக எழுதும் தொகை இவையெல்லாவற்றையும்விட உயர்ந்தது. ஏனெனில் அது கடையில் புதிதாகத் தேடி வாங்க ஆகும் செலவு. இவற்றுள் எந்த விலை என்று சொல்லாமல் வெறுமனே 'மதிப்பு இவ்வளவு' என்று எழுதிக் கொடுப்பவர் அறியாதவராகவோ ஏமாற்றுபவராகவோதான் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. பொம்மை உண்மையாகவே அவ்வளவு பழையதென்றால் இலண்டன் ஏல அரங்கை அது எட்டப்போவதில்லை. அவ்வளவு பழையதில்லை என்றால் இலண்டனின் பழம்பொருள் விலை அதற்குப் பொருந்தாது. இரண்டு வழியிலும் அடைபட்ட கணக்கைத்தான் மதிப்பீட்டுச் சான்றிதழ் என்ற பெயரில் விற்கிறார்கள்.

விலை நிலையானது என்பது அடுத்த மூடநம்பிக்கை. ஜெர்மனியின் கோபெல் நிறுவனம் 1935 முதல் செய்துவந்த ஹம்மல் குழந்தைப் பொம்மைகளை அமெரிக்காவில் ஒரு தலைமுறையே முதலீடு என்று நம்பிச் சேர்த்தது. அவையும் பீங்கான் அல்ல, மண்பாண்ட வகைதான் என்பதைச் சேர்த்தவர்களில் பலர் அறியார். அந்தத் தலைமுறை மூப்படைந்தது. பிள்ளைகளுக்கு அப்பொம்மைகளில் நாட்டமில்லை. விற்பவர் பெருகினர், வாங்குபவர் அருகினர், விலை சரிந்தது. 2008இல் கோபெல் அதன் உற்பத்தியையே கைவிட்டது. வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை என்று பெட்டியில் அச்சிடுவதால் அருமை பிறந்துவிடாது. பலர் உடைத்தும் தொலைத்தும் இழந்த பிறகு எஞ்சுவதே அரியது. எல்லாரும் பத்திரமாகப் பூட்டிவைத்தது ஒருபோதும் அரியதாகாது.

*

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நம்மவர்கள், இலக்கியவாதிகள். 'பீங்கான் பொம்மையெல்லாம் கலையா? பணக்கார வீட்டு அலங்காரம்' என்பார்கள். இந்த ஏளனமும் புதிதன்று. கிரேக்கச் சிற்பத்தை ஐரோப்பாவுக்கு மீட்டுச் சொன்ன விங்கல்மன், மைசென் இருந்த அதே சாக்சனியில் வாழ்ந்தவர், அரிய மண்ணைக் கேலிக்குரிய பொம்மைகளாக்கி வீணடிக்கிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே முகம் சுளித்தார். பளிங்கைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குச் சிற்பமாகப் படவில்லை. ஆனால் கேண்ட்லரின் கூத்தாடி ஒருவனின் திருகிய இடுப்பையும் அவன் முகத்தின் குறும்பையும் பார்த்தபின், ஆறு அங்குல உயரத்தில் உயிர் இருக்க முடியாது என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அளவைக் கொண்டு கலையை அளப்பதென்றால் குறுந்தொகையை நாம் எங்கே வைப்பது?

விலையை மட்டும் பார்க்கும் வணிகரும் பார்க்கவே மறுக்கும் அறிஞரும் ஒன்றுபடும் இடத்தில்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. மாணவியின் வீட்டுக்கே திரும்புகிறேன். அலமாரியில் வேறு பொம்மைகள் இருந்தனவா என்று கேட்டேன். கீழ்த்தட்டில் ஒரு மகாலட்சுமி இருந்ததாம். தாமரைமேல் நின்ற நான்கு கை உருவம், வெண்பீங்கான், சேலைக்குச் சிவப்பும் பொன்னும் தீட்டியது. ஆச்சி காலத்திலிருந்து கொலுவில் வைப்பார்களாம். மதிப்பீட்டாளர் கவிழ்த்துப் பார்த்தார். முத்திரை இல்லை. 'கொலுப் பொம்மை, விலைபோகாது' என்று ஒதுக்கினார். பழைய இரும்போடும் மங்குச் சாமானோடும் சேர்த்து அது எடைக்குப் போயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியச் சந்தைக்கென்றே ஜெர்மனியில் நம் தெய்வங்களின் பீங்கான் உருவங்கள் வார்க்கப்பட்டன. பின்னர் ஜப்பானிலும் வார்க்கப்பட்டன. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கி வீடு வீடாகக் கொண்டுசேர்த்த தெய்வப் படங்களின் சாயல் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. எண்ணிப் பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே பிறந்த ஓவியர் கற்பனை செய்த இலட்சுமி, பம்பாயில் அச்சாகி, அதைப் பார்த்து நம் புராணம் ஒன்றையும் அறியாத ஜெர்மானியத் தொழிலாளி ஒருவர் களிமண்ணில் உருக்கொடுத்து, கப்பலேறி, செட்டிநாட்டு வீட்டின் கொலுப்படியில் வந்து அமர்ந்திருக்கிறாள். அந்த இலட்சுமி இந்த வகையினள்தானா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தவர் அடியை மட்டுமே பார்த்தார்.

போலி வாள்கள் போற்றப்பட்டன. முத்திரையற்ற தெய்வம் எடைக்குப் போனாள். முத்திரை வழிபாட்டின் முழு வரலாறும் இந்த ஒரு அலமாரியில் அடங்கிவிடுகிறது.

ஆகவே, வீடுகளைப் பங்கு பிரிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. விலை கேட்பதற்கு முன் பதிவு செய்யுங்கள். நான்கு பக்கமும் அடியும் படம் எடுங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள். யார் வாங்கியது, இரங்கூனிலா பினாங்கிலா கொழும்பிலா, எந்தத் திருமணத்துக்கு வந்தது, கொலுவில் எந்தப் படியில் நின்றது என்பதை வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் ஆயிரம் பொருள்களுக்கு இன்று ஊரும் இல்லை, பேரும் இல்லை. வீட்டிலிருந்து வெளியேறிய அன்றே அவற்றின் வரலாறு அறுந்துவிட்டது. அந்த வரலாற்றை எந்த மதிப்பீட்டாளராலும் திருப்பித் தர முடியாது. அதை எழுதிவைக்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.

மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். நேரம் எடுத்துக்கொண்டு அந்த இடைச்சியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "தோடு போனது போகட்டும் ஐயா. சின்ன வயதில் இந்த ஆட்டுக்குட்டிக்கு நான் பெயர் வைத்திருந்தேன்" என்றார்.

அன்று அந்தப் பொம்மையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவரே.